அருமண் சேர்மங்களில் காந்த ஒழுங்கு: ஆய்வு வரலாறும் தமிழ்ச் சொல்லாக்கமும்

முன்னுரை

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வழங்கும் தமிழ் ஒரே ஊற்றிலிருந்து வந்ததன்று. தொழிலுக்கும் வணிகத்துக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியோர் ஒரு சாரார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டோர் மற்றொரு சாரார். தமிழ் பயிற்றுமொழியாக உள்ள பள்ளிகளும் இத்தீவுகளில் உண்டு. இவ்விரு சாராரும் விட்டுவந்த நிலங்களில் இயற்பியல் பாடநூல்கள் வெவ்வேறு சொற்களைக் கையாளுகின்றன. தமிழ்நாட்டில் ‘விளிம்பு விளைவு’ எனப்படுவது இலங்கையில் ‘கோணல்’. தமிழ்நாட்டின் ‘குறுக்கீட்டு விளைவு’ இலங்கையில் ‘தலையீடு’. ‘நியூட்ரான்’ அங்கே ‘நியூத்திரன்’. தாய்நிலத்திலும் ஈழத்திலும் தனித்தனியே நூல் எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம். இரு சாராரையும் ஒருங்கே வாசகராகக் கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் அவ்வாறு இருந்துவிட இயலாது.

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நோக்ககம் ஒன்று உள்ளது. அங்கு அளக்கப்படுவது புவியின் காந்தப்புலம். மாலுமியின் ஊசிக்குப் புலப்படும் இக்காந்தத்துக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ஊசிக்குச் சற்றும் புலப்படாத காந்தம் ஒன்றும் உண்டு. படிகத்தின் உள்ளே அணுதோறும் சிறு காந்தங்கள் இருந்து, அவை ஒன்றையொன்று ஈடுசெய்து, வெளியே எதையும் ஈர்க்காமல் அடங்கிக் கிடக்கும் நிலை அது. அந்நிலையின் உள்ளொழுங்கைக் கண்டறிய நியூட்ரான் கதிர் கருவியானது. அவ்வொழுங்கே அமைய முடியாதபடி படிகத்தின் வடிவமைப்பு தடுக்கும் அருமண் சேர்மங்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பெரிதும் ஆராயப்பட்டு வருகின்றன. இத்துறையின் சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. அவை தவறாக நிலைபெறுவதற்கு முன்னர், ஒவ்வொரு சொல்லும் எந்த ஆய்வுச் சூழலில் பிறந்தது என்பதை வரலாற்று முறையில் நோக்குவது பயன் தரும்.

‘காந்தம்’ என்னும் சொல்லின் சுமை

‘காந்தம்’ வடமொழியின் ‘அயஸ்காந்தம்’ என்பதன் குறுக்கம். இரும்புக்கு இனியது, இரும்பு விரும்புவது என்பது அதன் சொற்பொருள். எனவே ஈர்ப்பு என்னும் கருத்து இச்சொல்லின் வேரிலேயே உள்ளது. கிரேக்க நிலப்பகுதி ஒன்றின் பெயரிலிருந்து வந்த ஐரோப்பியச் சொல்லுக்கு இச்சுமை இல்லை.

1932இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் லூயி நேல், அண்டை அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு பாதி மேல்நோக்கியும் மறு பாதி கீழ்நோக்கியும் நிற்பதால் மொத்தக் காந்தம் சுழியாகிவிடும். பின்னாளில் எதிர் ஃபெர்ரோ காந்தம் எனப் பெயர் பெற்ற இந்நிலைக்கு நேரடிச் சான்று பதினேழு ஆண்டுகள் கிட்டவில்லை. காந்தமானியில் தோன்றாத ஒழுங்கை எவ்வாறு மெய்ப்பிப்பது என்பதே இடர்ப்பாடு. 1970இல் நோபல் பரிசு பெற்றபோதுகூட நேல், இப்பொருள்கள் கொள்கை நோக்கில் சுவையானவை, ஆனால் பயன்பாடு எதுவும் தென்படவில்லை என்ற கருத்தையே வெளியிட்டார். 1990களில் கணிப்பொறி வட்டுகளின் படிப்புமுனைகளில் அவை இடம்பெற்றன. ஈர்க்காத காந்தத்துக்கும் ‘காந்தம்’ என்றே பெயரிட நேர்ந்த அன்றே, தமிழ்ச் சொல் தன் வேர்ப்பொருளை விட்டுக்கொடுத்தது எனலாம். ஒரு கலைச்சொல் வேர்ப்பொருளோடு முரண்பட்ட பின்னும் நன்கு பணியாற்ற முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தூய வேர்ப்பொருளையே அளவுகோலாகக் கொண்டு கலைச்சொற்களைத் தள்ளுவோர் இதனைக் கருதுதல் நன்று.

விளிம்பில்லாத விளிம்பு விளைவு

தமிழில் அறிவியற் சொற்களை முறையாக ஆக்கும் முயற்சி 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தொடங்கிய பரிபாஷைச் சங்கத்தோடு கால்கொண்டது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்கள் தொகுப்பை வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சாமுவேல் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வேறொரு மரபைத் தொடங்கியிருந்தார். 1950களிலும் 60களிலும் இலங்கை அரசு வெளியிட்ட சொற்றொகுதிகள் இலங்கைத் தமிழின் அறிவியல் வழக்கை உறுதிசெய்தன. இரு மரபுகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று கலந்துகொள்ளவில்லை.

அதன் பயனை மேலே சுட்டிய சொல்லிணையில் காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கிரிமால்டி, ஒளி தடையின் ஓரத்தைக் கடக்கும்போது நிழலுக்குள் சிறிது பரவுவதைக் கண்டு, ‘உடைந்து பிரிதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதனைக் குறித்தார். அவர் நூல் 1665இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சொல் அந்தச் சோதனையின் களத்தை, அதாவது விளிம்பை, பெயராக்கிக்கொண்டது. இலங்கைச் சொல் ஒளியின் செயலை, அதாவது கோணிச் செல்லுதலை, பெயராக்கிக்கொண்டது. வகுப்பறையில் சவர அலகின் ஓரத்தைக் கொண்டு விளக்கும்வரை இரண்டும் பொருந்தும். 1912இல் மாக்ஸ் வான் லாவேயின் கருத்துப்படி எக்ஸ் கதிர் படிகத்தின் வழியே செலுத்தப்பட்டபோது நிலைமை மாறியது. படிகத்தில் விளிம்பு என்று ஒன்றில்லை. அடுக்கடுக்காக நிற்கும் அணுக்களிலிருந்து சிதறும் அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. பிற திசைகளில் அழித்துக்கொள்கின்றன. நிகழ்வது இவ்வளவே. ஆயினும் ‘எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு’ என்பது பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. இந்த இடத்தில் இலங்கை வழக்கே பொருளுக்கு நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் ‘கோணல்’ என்பது தமிழ்நாட்டு வாசகருக்குக் குறையைச் சுட்டும் சொல்லாக ஒலிப்பதையும் மறுப்பதற்கில்லை. இக்கட்டுரையில் தமிழ்நாட்டு வழக்கே பின்பற்றப்படுகின்றது.

1932இல் சாட்விக் கண்டறிந்த நியூட்ரான் மின்னூட்டம் அற்றது. ஆயினும் காந்தத் திருப்புத்திறன் உடையது. அணுவின் காந்தம் அதனைச் சிதறச் செய்யும் என்று 1936இல் ஃபெலிக்ஸ் பிளாக் கணித்தார். போருக்குப் பின் ஓக் ரிட்ஜ் அணுவுலையில் எர்னஸ்ட் வாலனும் கிளிஃபோர்டு ஷல்லும் நியூட்ரான் விளிம்பு விளைவு முறையை உருவாக்கினர். 1949இல் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடு தூளை ஆராய்ந்தனர். அறை வெப்பநிலையில் எக்ஸ் கதிர் காட்டும் அதே கூர்முகடுகள் தோன்றின. 80 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது, இருக்கக்கூடாத இடங்களில் புதிய முகடுகள் எழுந்தன. 4.43 ஆங்ஸ்ட்ராம் எனக் கொள்ளப்பட்ட அலகுக் கூட்டின் பக்கம் காந்த நோக்கில் 8.85 ஆங்ஸ்ட்ராம், அதாவது இருமடங்கு, என்றானது. நேல் கருதிய எதிரெதிர் ஒழுங்கு கண்முன் வந்தது.

இதனைத் தமிழ்ச் சுவடி மரபைக் கொண்டு விளக்கலாம். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்கள் ஒரே வடிவில் நிற்கும். அவ்வாறு எழுதப்பட்ட ஒரு வரியில் எகரமும் ஏகாரமும் மாறிமாறி வந்தாலும், கண்ணுக்கு ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவதாகவே தோன்றும். அடுக்கின் நீளம் ஓர் எழுத்து. புள்ளியைக் காணத்தக்க கண் ஒன்று கிடைத்தால் அடுக்கின் நீளம் ஈரெழுத்து என்பது தெரியவரும். எக்ஸ் கதிர் புள்ளியில்லாச் சுவடியைப் படிக்கிறது. நியூட்ரான் புள்ளியையும் சேர்த்துப் படிக்கிறது.

1994இல் ஷல்லுக்கும் கனடாவின் பெர்ட்ரம் பிராக்ஹவுசுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாலன் 1984இலேயே மறைந்துவிட்டார். முறையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் பட்டியலில் இல்லாமற்போனது காலத்தாழ்ச்சியின் விளைவு.

அருமண்

கலைச்சொல் ஆய்வாளருக்கு இத்தனிமங்களின் பெயர்கள் ஒரு தனிக் களஞ்சியம். இட்ரியம், இட்டெர்பியம், டெர்பியம், எர்பியம் ஆகிய நான்கும் சுவீடனின் இட்டெர்பி என்னும் ஒரே சிற்றூரின் பெயரிலிருந்து கிளைத்தவை. லாந்தனம் ‘மறைந்திருப்பது’, டிஸ்ப்ரோசியம் ‘கிட்டுதற்கு அரியது’, ஹோல்மியம் ஸ்டாக்ஹோம் நகரின் பழைய இலத்தீன் பெயர். இவை கிடைக்கும் கனிமங்களுள் ஒன்றாகிய மோனசைட்டின் பெயருக்குத் ‘தனித்திருத்தல்’ என்பது பொருள். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அம்மோனசைட்டு 1909இல் ஷோம்பர்க் என்னும் செருமானியரால் இனங்காணப்பட்டது. அன்று அதற்கு மதிப்பு அருமண்ணால் வரவில்லை. எரிவளி விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்தால் வந்தது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. இம்மணலில் மிகுந்திருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான அருமண்கள். இக்கட்டுரையில் பின்னர் வரும் டிஸ்ப்ரோசியமும் ஹோல்மியமும் அதில் மிகச் சிறிதளவே உள்ளன.

‘அருமண்’ என்னும் தமிழ்ச் சொல் நன்கு ஆக்கப்பட்ட ஒன்று. பழைய வேதியியலில் ‘மண்’ என்பது நெருப்பில் எளிதில் உருகாத ஆக்சைடைக் குறித்தது. ஆங்கிலச் சொல்லில் உள்ள மண்ணைக் கோளாகக் கொண்டு ‘அரிய புவித் தனிமங்கள்’ என மொழிபெயர்த்தோர் இவ்வரலாற்றைக் காணத் தவறினர். ‘அரு’ என்பதும் இன்று வழக்குப் பற்றியதே. சீரியம் புவியோட்டில் செம்புக்கு ஏறத்தாழ இணையான அளவில் உள்ளது.

அருமண் அணுக்களின் காந்தம் உட்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களால் விளைவது. படிகச் சூழல் அதனைக் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் நிற்குமாறு கட்டுப்படுத்தும். இத்திசையொவ்வாமையைப் படிகங்களில் அளக்கும் கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். டாக்காவிலும், 1933 முதல் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்திலும் அவர் பணியாற்றினார். மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் அது திரும்பும் கோணத்தை அளப்பது அவர் கையாண்ட முறை. 1930களின் இறுதியில் அவரும் முகர்ஜியும் அருமண் சல்பேட்டுகளையும் இவ்வாறு ஆராய்ந்தனர். அணுவுலையோ நியூட்ரான் கற்றையோ இல்லாத காலத்தில், வெளியிலிருந்து முறுக்கிப் பார்த்தே உள்ளிருக்கும் அணுவின் விருப்பத்திசையை ஊகித்த ஆய்வு அது. தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்றிருந்த அவர், இத்திசையொவ்வாமைக்குத் தமிழில் ஒரு பெயர் நிலைபெறுமுன் 1961இல் மறைந்தார்.

அருமண் உலோகங்களின் காந்த ஒழுங்கு 1960களில் வெளிப்பட்டது. அயோவாவின் ஏம்ஸ் நகரில் ஸ்பெடிங் குழுவினர் பிரித்தெடுத்த தூய உலோகங்களை ஓக் ரிட்ஜில் கோலரும் உடனுழைத்தோரும் நியூட்ரானால் ஆராய்ந்தனர். ஹோல்மியத்திலும் டிஸ்ப்ரோசியத்திலும் அணுக்காந்தங்கள் அடுக்குதோறும் சிறிது சிறிதாகத் திரும்பி, திருகுபடி போல் சுழன்று செல்வது தெரிந்தது. மேல், கீழ் என்னும் இருமை போதாது என்பது அதனால் உறுதியாயிற்று.

ஆய்வாளர்க்கு அருமண் தரும் தொல்லை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். சில அருமண்கள் நியூட்ரானை விழுங்கிவிடும். இயற்கைக் கடோலினியத்தின் உட்கவர் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 49,700 பார்ன். டிஸ்ப்ரோசியத்துக்கு ஏறத்தாழ 1,000. ஹோல்மியத்துக்கு ஏறத்தாழ 65. (இந்த ‘பார்ன்’ என்பது தானியக் கொட்டகை. அணுக்கருவைக் கொட்டகை போல் பெரிது என்று போர்க்கால ஆய்வாளர் நகையாடியதிலிருந்து வந்த அலகு அது. நல்வாய்ப்பாகத் தமிழில் எவரும் அதனை மொழிபெயர்க்கவில்லை.) எந்தச் சேர்மம் முதலில் ஆராயப்பட்டது, எது பின்னுக்குப் போயிற்று என்பதைக் கொள்கையைவிட இவ்வெண்களே பெரும்பாலும் தீர்மானித்தன.

டிராம்பேயில்

இந்தியாவில் நியூட்ரான் ஆய்வு 1956இல் இயங்கத் தொடங்கிய அப்சரா உலையோடும் 1960இல் வந்த சைரஸ் உலையோடும் வளர்ந்தது. திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. ஐயங்கார் கனடாவின் சாக் ரிவரில் பிராக்ஹவுசிடம் பயின்று திரும்பி, டிராம்பேயில் கருவிகளை உள்நாட்டிலேயே அமைக்கும் மரபை ஊன்றினார். 1960களில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் துணையோடு பிலிப்பீன்சு நாட்டவருக்கும் இவ்வாய்வில் பயிற்சி தரப்பட்டது.

சத்யமூர்த்தி, நத்தேரா முதலியோர் 1969இல் துத்தநாக–நிக்கல் ஃபெரைட்டுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. அச்சேர்மங்களில் துத்தநாகம் மிகுந்தால் அணுக்காந்தங்கள் நேருக்கு நேர் எதிராக நிற்பதை விட்டு, ஒன்றுக்கொன்று சாய்ந்து முக்கோண அமைப்பை மேற்கொள்ளுகின்றன. யாஃபெட், கிட்டல் ஆகியோர் 1952இல் கொள்கையளவில் கூறிய அச்சாய்வுக் கோணங்களை நியூட்ரான் விளிம்பு விளைவால் டிராம்பே ஆய்வாளர் அளந்தனர். அணுக்காந்தங்கள் ஏன் சாய்கின்றன? ஒருசேர நிறைவேற்ற இயலாத இரு கட்டளைகளுக்கு இடையே அவை நிற்பதால். இன்று அந்நிலைக்கு உலகெங்கும் ஒரு பெயர் உண்டு. 1969இல் அப்பெயர் பிறக்கவில்லை. பொருள் முன்னும் சொல் பின்னுமாக வந்த நிகழ்வு இது.

தீராமுரண்

பகைவனுக்குப் பகைவன் நண்பன் என்பர். மூவர் இருந்து, ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் பகைவராயின் இக்கூற்று நிற்காது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மூன்று அணுக்காந்தங்களை வைத்து, ஒவ்வொன்றும் அண்டைக்கு எதிராகவே நிற்க வேண்டும், மேல் கீழ் அன்றி வேறு திசை இல்லை என விதித்தால், இரண்டு நிறைவடையும். மூன்றாவது எப்பக்கம் திரும்பினாலும் ஒருவரோடு விதி மீறும். 1950இல் வானியர், முக்கோண அடுக்கு முழுவதையும் கணக்கிட்டு, சுழி வெப்பநிலையிலும் அதில் ஒழுங்கு தோன்றாது என்று மெய்ப்பித்தார். 1977இல் பிரான்சு நாட்டு ஜெரார் துலூஸ், பிலிப் ஆண்டர்சனின் கூற்றொன்றைத் தொட்டு, இந்நிலைக்கு ஆங்கில உளவியலில் பழகிய சொல்லைப் பெயராக்கினார். அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘வீணாக’ என்பது பொருள்.

அதனை அகராதி பார்த்து மொழிபெயர்ப்போர் ‘விரக்தியுற்ற காந்தம்’ என்று எழுதுகின்றனர். இது பிழை என்பது மட்டுமன்று, நேர்மாறு. ‘விரக்தி’ பற்றின்மையைக் குறிக்கும் வடசொல். ஏமாற்றம் என்னும் பொருள் இக்காலத் தமிழில் ஏறியது. இந்த அணுக்காந்தங்களுக்குப் பற்று இல்லாமல் இல்லை. நிறைவேற்ற முடியாத அளவுக்குப் பற்றுகள் மிகுந்திருப்பதே அவற்றின் நிலை. ‘ஏமாற்றம்’, ‘மனமுறிவு’ முதலியன மனத்தைக் கற்பிக்கின்றன. ‘இணக்கமின்மை’ என்பது ஓரளவு தகும்; எனினும் எதிரெதிராக நிற்பதையே அது குறிப்பதாக மயங்க இடமுண்டு. முரண்படும் கட்டளைகள் எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்க்க எந்த அமைப்பாலும் இயலாது என்பதே கருத்தாதலின், ‘தீராமுரண்’ என்பது பொருந்தும். எதிர்மறைப் பெயரெச்சத்தோடு பெயர் புணர்ந்து வரும் இவ்வகைத் தொகைகள் தமிழுக்குப் புதியனவல்ல. ‘தீராமுரண் காந்தம்’, ‘தீராமுரண் அடுக்கு’ எனப் பெயரடையாகவும் அது எளிதில் வரும். இலங்கை, தமிழ்நாடு என்னும் இரு பாடநூல் மரபுகளும் இக்கருத்துக்கு இன்னும் சொல் வகுத்துக்கொள்ளவில்லை என்பதால், ஒரே சொல்லைப் பொதுவாக ஏற்க இது நல்ல தருணம்.

தீராமுரணுக்கு எதிரெதிர் இடைவினை இன்றியமையாதது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1997இல் ஹாரிஸ், பிராம்வெல் முதலியோர் ஹோல்மியம் டைட்டனேட்டைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றியது. பைரோக்ளோர் என்னும் அக்கட்டமைப்பில் அருமண் அணுக்கள் நான்முகிகளின் முனைகளில் நிற்கின்றன. (நெருப்பிலிட்டால் பச்சையாகும் கனிமம் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள்.) கிருஷ்ணன் தம் காலத்தில் அளந்த அதே வகைத் திசையொவ்வாமையால் ஒவ்வோர் அணுக்காந்தமும் நான்முகியின் நடுவை நோக்கியோ அதற்கு வெளிப்புறமாகவோ மட்டுமே நிற்கும். இடைவினை ஒத்திசைவை விரும்பினாலும், இரண்டு உள்நோக்கியும் இரண்டு வெளிநோக்கியும் நிற்பதே மிகக் குறைந்த ஆற்றல் நிலை. அத்தகைய அமைப்புகள் எண்ணிறந்தன. நியூட்ரான் 0.35 கெல்வின் வரை தேடியும் ஒழுங்கின் கூர்முகடு எழவில்லை.

நீர்ப் பனிக்கட்டியில் ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் இரு ஹைட்ரஜன் அருகிலும் இரண்டு தொலைவிலும் இருப்பதும், அதனால் எஞ்சும் என்ட்ரோப்பியை 1935இல் லைனஸ் பாலிங் கணக்கிட்டதும் இயற்பியலார் நன்கறிந்தவை. அவ்வொப்புமை கருதியே இதற்குத் ‘தற்சுழற்சிப் பனிக்கட்டி’ எனப் பெயரிட்டனர். 1999இல் டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டின் வெப்ப ஏற்புத்திறனை அளந்து, பாலிங் கணக்கிட்ட அதே எச்சம், அதாவது டிஸ்ப்ரோசியத்தின் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 1.7 ஜூல், அங்கும் இருப்பதை இராமிரெஸ் குழுவினர் காட்டினர். அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சித்தார்த்தனும் சிறீராம் சாஸ்திரியும் இருந்தனர். இப்பெயரில் உள்ள பனிக்கட்டி குளிர்ச்சியைச் சுட்டுவதன்று. எண்ணிக்கை விதியைச் சுட்டுவது. அடிக்குறிப்பின்றி இதனைத் தமிழாக்கினால் வாசகர் தவறாமல் வழிதவறுவர்.

ஒரே படம், இரு வாசிப்பு

ஒழுங்கு தோன்றும் சேர்மங்களிலும் அதனைத் தீர்மானிப்பது எளிதன்று. 1969இல் நெதர்லாந்தின் ரீட்வெல்ட், தூள் மாதிரியின் முழு வளைகோட்டையும் கணிப்பு வளைகோட்டோடு பொருத்தும் முறையை வெளியிட்டார். நுண்ணிய கட்டமைப்புகளையும் ஆராய அது வழி திறந்தது. ஆயினும் தூளில் எண்ணற்ற சிறு படிகங்கள் எல்லாத் திசைகளிலும் கிடப்பதால், வெவ்வேறு திசைகளிலிருந்து வரவேண்டிய முகடுகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. திசை பற்றிய செய்தி மறைந்துவிடுகிறது.

கடோலினியம் டைட்டனேட்டின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நியூட்ரானை விழுங்கும் தொல்லையைத் தவிர்க்க, கடோலினியம்–160 ஐசோடோப்பு செறிந்த மாதிரியைச் செய்து, 2001இல் சாம்பியன் குழுவினர் அதன் ஒழுங்கை வெளியிட்டனர். ஏறத்தாழ 1 கெல்வினுக்குக் கீழே நான்கில் மூன்று பங்கு அணுக்காந்தங்கள் ஒழுங்குறுகின்றன, கால் பங்கு ஒழுங்கின்றி நிற்கின்றன என்பது அவர்தம் முடிவு. அவ்வொழுங்கை ஒரே அலைத்திசையால் விவரித்தனர். ஆனால் அதே முகடுகளை, நான்கு அலைத்திசைகள் ஒருங்கே கலந்த வேறோர் அமைப்பும் அதே உயரங்களில் தரும். தூள் படம் இரண்டையும் வேறுபடுத்தாது.

மொழியியலார்க்கு இது பழகிய நிலை. ‘தாமரை’ என்பது ஒரு சொல்லாக நின்று மலரைக் குறிக்கும். ‘தா’, ‘மரை’ எனப் பிரிந்து தாவும் மானையும் குறிக்கும். நன்னூலார் பொதுமொழி எனப் பெயரிட்ட வகை இது. எழுத்தை எத்துணை முறை உற்று நோக்கினும் விடை கிட்டாது; வேறு சான்று வேண்டும். 2004இல் ஸ்டூவர்ட், ஏலர்ஸ், வில்ஸ், பிராம்வெல், கார்ட்னர் ஆகியோர் அச்சான்றை முகடுகளில் தேடாமல் முகடுகளுக்கு இடையே கண்டனர். கூர்முகடுகளின் நடுவே பரவிக் கிடக்கும் மங்கலான சிதறலைப் பிழையென ஒதுக்குவதே பழைய வழக்கம். ஒழுங்குறாத கால் பங்கு அணுக்காந்தங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் அமைகின்றன என்பதில் அவ்விரு அமைப்புகளும் வேறுபட்டன. அந்த அருகாமையை மங்கலே காட்டியது. விடை நான்கு அலைத்திசை அமைப்பு என்றானது. இம்மங்கலைச் சில கட்டுரைகள் ‘இரைச்சல்’ எனத் தமிழாக்குவது பொருந்தாது. ‘பரவற் சிதறல்’ என்பதே உரியது. இரைச்சலில் செய்தி இல்லை. பரவற் சிதறலில் உண்டு.

டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் 100 மெகாவாட் துருவா உலையின் தூள் விளிம்பு விளைவுமானிகளிலும் அருமண் சேர்மங்கள் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பயன்படுத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்த ஆய்வுக் கூட்டமைப்பு வழிசெய்கிறது. சைரஸ் உலை 2010இன் இறுதியில் மூடப்பட்டது.

‘காணப்படவில்லை’ என்னும் வினை

டெர்பியம் டைட்டனேட்டு இன்னும் தீராத வழக்கு. அதன் இடைவினை வலிமை ஏறத்தாழ 19 கெல்வின் அளவினது. வழக்கமான காந்தமாயின் அதனை ஒட்டிய வெப்பநிலையில் ஒழுங்கு தோன்றியிருக்க வேண்டும். 1999இல் கார்ட்னர் குழுவினர் 0.07 கெல்வின் வரை குளிர்வித்தும் நெடுந்தொலைவு ஒழுங்கு தென்படவில்லை. உறையாத நீரைப்போல் அணுக்காந்தங்கள் அசைந்துகொண்டே இருந்தன. ‘தற்சுழற்சி நீர்மம்’ என்னும் பெயர் இச்சேர்மத்துக்குப் பல கட்டுரைகளில் சூட்டப்பட்டது. பின்னர் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களின் மாதிரிகள் வெவ்வேறு முடிவுகளைத் தரத் தொடங்கின. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர் தனிகுச்சியும் குழுவினரும் டெர்பியம், டைட்டானியம் விகிதத்தை ஆயிரத்தில் சில பங்கு மாற்றினாலே ஏறத்தாழ 0.5 கெல்வினில் ஒருவகை ஒழுங்கு தோன்றுவதையும் மறைவதையும் காட்டினர். அவ்வொழுங்கு வழக்கமான காந்த ஒழுங்கு அன்று. நியூட்ரானின் கூர்முகடாக எழாமல் பெரும்பாலும் மறைந்தே நிற்பது.

இவ்வாய்வுரைகளைத் தமிழாக்கும்போது இரு தொடர்களை வேறுபடுத்த வேண்டியுள்ளது. ‘இச்சேர்மத்தில் காந்த ஒழுங்கு இல்லை’ என்பது பொருளைப் பற்றிய கூற்று. ‘இம்மாதிரியில் 0.07 கெல்வின் வரை நெடுந்தொலைவுக் காந்த ஒழுங்கு காணப்படவில்லை’ என்பது ஆய்வைப் பற்றிய கூற்று. மூல ஆசிரியர்கள் எழுதுவது ஏறத்தாழ எப்போதும் இரண்டாவது. தமிழ்ச் சுருக்கங்களில் வருவது பெரும்பாலும் முதலாவது. ‘இம்மாதிரியில்’ என்னும் சுட்டும், ‘வரை’ என்னும் எல்லைச் சொல்லும், ‘காணப்படவில்லை’ என்னும் செயப்பாட்டு வினையும் நடைக்காகச் சேர்ந்தவை அல்ல. டெர்பியம் டைட்டனேட்டைப் பொறுத்தவரை, 1999இன் முடிவும் 2013இன் முடிவும் ஒன்றையொன்று மறுக்காமல் நிற்பது அம்மூன்றையும் பற்றியே.